திருவொற்றியூரில் 30 ஹெர்ட்ஸ்: ஃப்ரீலான்ஸ் மியூசிக் புரொடியூசரின் அலைச்சல் குறித்து ஓர் ஆய்வு

யானைகளின் வலசைப் பாதையை ஆராய்ந்தவர்கள் உண்டு. பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளை எண்ணியவர்களும் உண்டு. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே, தோளில் கறுப்புப் பையும் கழுத்தில் ஹெட்போனும் கையில் சார்ஜ் தீர்ந்த போனுமாகத் திரியும் ஃப்ரீலான்ஸ் மியூசிக் புரொடியூசரைத்தான் ஆய்வுலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. கருதுகோள் எளியது: பாட்டுக்காக அவர் எங்கும் அலைய வேண்டியதில்லை, அது அவர் தெருவிலேயே இருக்கிறது. அவர் அலைவதெல்லாம் சத்தமில்லாத ஓர் அறைக்காக.

முன்னோடிகளிடமிருந்து தொடங்குவதே ஆய்வு மரபு. இந்த வட்டாரத்துக்கு வந்துபோன மூத்த பாட்டுக்காரர்களில் ஒருவர் சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். திருவாரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்ததும் கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. ஒப்பந்தத்தை மீறினால் இன்று இத்தனை கடுமையான தண்டனை கிடையாது. ஆனால் போன பார்வை திரும்பி வந்த விதம் எந்த ஃப்ரீலான்ஸருக்கும் பழக்கமானதுதான்: இரண்டு தவணை. இடக்கண் காஞ்சியில், வலக்கண் திருவாரூரில்.

அடுத்த சான்று தியாகராஜர். வீணை குப்பையரின் அழைப்பில் திருவொற்றியூர் வந்தவர், வடிவுடையம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடிக் கொடுத்தார். அதே பயணத்தில் அவரை உபசரித்த கோவூர் சுந்தரேச முதலியார், அவருக்கே தெரியாமல் பல்லக்கில் ஆயிரம் பொன் வைத்து அனுப்பினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கேட்காமல், நினைவூட்டாமல், நாலு முறை போன் அடிக்காமல் பேமென்ட் வந்ததற்கு இவ்வாய்வில் கிடைத்த ஒரே ஆதாரம் இதுதான். அதுவும் கதை.

மணலியையும் விட முடியாது. சுத்திகரிப்பு ஆலை வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே, ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு அங்கே முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தார். மகன் முத்துசுவாமி தீட்சிதர் கோட்டையில் வெள்ளைக்கார பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். சுமார் 40 நோட்டுஸ்வரங்கள் அப்படி உருவாயின. வடசென்னையின் முதல் ரீமிக்ஸ் எது என்று வழக்கு வந்தால், இவ்வாய்வாளரின் தீர்ப்பு மணலிக்கே.

இனி கருவி. 1902இல் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்த பிரெட் கெய்ஸ்பெர்க், பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்தார். 1933இல் அமெரிக்கச் சிறைகளில் கைதிகளின் வேலைப் பாட்டுகளைச் சேகரிக்கப் புறப்பட்ட ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் கார் டிக்கியில் ஏற்றிச் சென்ற பதிவுக் கருவியின் எடை 315 பவுண்டு, அதாவது 140 கிலோவுக்கு மேல். இன்றைய புரொடியூசரின் பையில் லேப்டாப், ஆடியோ இன்டர்பேஸ், ஒரு கன்டென்சர் மைக், கேபிள்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எல்லாம் சேர்த்து ஆறேழு கிலோ தேறும். எடை குறைந்தால் அலைச்சல் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. 140 கிலோவைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்ல யாருக்கும் மனம் வராது. "லேப்டாப்தானே ப்ரோ, எடுத்துனு வந்துடு" என்று சொல்ல ஒருவருக்கும் கூச்சமில்லை.

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருவோம்: டிரெய்லர் லாரி.

துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டுவது ஊரறிந்த செய்தி. வரிசை நகராது, இன்ஜினும் அணையாது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 600 சுற்றில் சும்மா ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. வினாடிக்குப் பத்துச் சுற்று. ஆக 30 ஹெர்ட்ஸ். பியானோவின் கீழ்க்கோடியில் உள்ள முதல் மூன்று கட்டைகளுக்குள் அடங்கிவிடும் சுருதி அது. அந்த ஒலியலையின் நீளம் பதினொன்றரை மீட்டர். ராயபுரத்தின் பல சந்துகளுக்கு அத்தனை அகலம் கிடையாது. இதைத் தடுக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். அட்டை, அறைக்குள் எழும் எதிரொலியில் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். பதினொன்றரை மீட்டர் அலை அதைச் சட்டை செய்யாது.

பதிவு நடக்கும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதல் மாடி, ஒற்றை அறை. ஃபேன் நிறுத்தப்படுகிறது. ஃப்ரிட்ஜின் பிளக் பிடுங்கப்படுகிறது. ஜன்னலில் கம்பளி, பீரோ கதவில் போர்வை, நடுவே வியர்த்துக் கொட்டும் பாடகர். ஹெட்போனில் "ங்ங்ங்" என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்கிறது. வீட்டில் எர்த் சரியில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் ஹம் நிற்கிறது, ஆனால் பேட்டரியில் 22 சதவீதம்தான் மிச்சம். "ரோலிங்" என்கிறார் புரொடியூசர். பாடகர் மூச்சை இழுக்கிறார். கீழே ஒரு லாரி ஏர் பிரேக்கைப் பிடிக்கிறது. இன்ஜின் உறுமலையாவது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். ஏர் பிரேக்கின் "புஸ்ஸ்" சரியாகப் பாடகரின் "ச"வும் "ஸ"வும் இருக்கும் இடத்தில் வந்து உட்காரும். அதற்கு மருந்து இன்னொரு டேக் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. தொழிற்பகுதியில் 75, 70. ஒரு பக்கம் தொழிற்சாலை, மறுபக்கம் குடியிருப்பு என்று கிடக்கும் திருவொற்றியூரில் எந்தக் கணக்கு செல்லும் என்பதைத் தெருவே முடிவு செய்துகொள்கிறது. குரல் பதிவுக்கு வேண்டியதோ 30 டெசிபெலுக்கும் கீழே.

ஆகவே வடசென்னைப் புரொடியூசர் பஞ்சாங்கம் பார்த்தாக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்கள் ஓய்வெடுக்கும். அதுவே உத்தமமான பதிவுக் காலம், ஃபேன் இல்லாமல் உயிரோடு இருக்க முடிந்தால். ஆடி பிறந்தால் அம்மன் கோயில் மைக் செட். ஐப்பசி மழை தகரக் கூரையில் வாசிக்கும் தாளத்தை எந்தச் சாப்ட்வேராலும் நீக்க முடியாது. மார்கழியில் விடியுமுன்பே ஸ்பீக்கர்.

இத்தனைக்கும் நடுவில் பாட்டு பிறக்காமல் இல்லை. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் 19 பேர். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து கூட்டிய கூட்டம் அது. கானா, ராப், ராக், பறை, சட்டி, கட்ட மோளம், கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். குழுவின் ஒரே பெண் குரல் ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி; 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். டென்மா பிறகு ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படங்களுக்கு இசையமைத்தார். 19 பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரவைப்பது, எந்த மிக்ஸிங்கையும்விடக் கடினமான கலை என்பதில் இவ்வாய்வாளருக்கு ஐயமில்லை. அதிலும் மரண கானா பாடுகிறவர்களின் நேரம் யார் கையிலும் இல்லை. "நைட்டு பூரா சாவு வூட்ல பாட்டு நைனா, மதியானத்துக்கு மேல வர்றேன்" என்று போன் வந்தால், அந்த நாளின் அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு தெற்கு நோக்கிய யாத்திரை. நல்ல ஸ்டூடியோக்கள் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமத்தில் குவிந்துகிடக்கின்றன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறி வடபழனி போய்விடலாம். மெட்ரோ இப்பிரிவினருக்கு ஏ.சி. போட்ட எடிட்டிங் அறை. பாதிப் பாட்டு தண்டையார்பேட்டைக்கும் மண்ணடிக்கும் இடையில்தான் தேறுகிறது.

கையில் ஹார்ட் டிஸ்க் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக், நிமிடத்துக்கு 8.64 எம்பி. நாலு நிமிடப் பாட்டில் 24 டிராக் என்றால் 830 எம்பி நெருங்கும். இவ்வளவையும் சுமந்து, லாரியை வெட்டி, பேஸை ஏற்றி அனுப்பினால், வாடிக்கையாளர் அதை போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "பேஸே இல்லியே தல" என்கிறார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுருதி ஏறாது என்பதை விளக்கினால் அடுத்த வேலை வராது. விளக்காவிட்டால் ஏழாவது கரெக்ஷன் வரும். பேமென்டில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். 2012 காப்புரிமைத் திருத்தம் ராயல்டியில் இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் காத்தது. பீட் செய்து, பதிந்து, மிக்ஸ் செய்தவர் இசையமைப்பாளராகப் பெயர் போட்டுக்கொள்ளாவிட்டால், வாங்கிய கூலியோடு கணக்கு முடிந்தது.

ஆய்வின் முடிவு இது. ராயபுரத்துக் குரலை ராயபுரத்திலேயே பதிய ஒழுங்கான ஓர் அறை இல்லாதது, துறைமுகம், அனல் மின் நிலையம், டயர் கம்பெனி, லாரி கம்பெனி எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்திய ஊருக்குச் செய்த ஓரவஞ்சனை. மாநகராட்சி தன் சமூகநலக் கூடம் ஒன்றில் ஓர் அறைக்கு இரட்டைச் சுவரும், கனமான கதவும், ஒழுங்கான எர்த்தும் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டால் இந்த அலைச்சலில் பாதி குறையும்.

அதுவரை, ஜீரோ கேட் வரிசையில் நிற்கும் ஓட்டுநர் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி நகராது என்று தெரிந்தால் இன்ஜினைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள். டீசலும் மிச்சமாகும்.