கிளியா, பூனையா, நாயா?

நாகர்கோவிலில் சிறு வீடு. மனைவிக்குப் பூனை, மகனுக்கு நாய் வேண்டுமாம்; எனக்குக் கிளி வேண்டும். எதை வளர்க்கலாம்?
— ஒரு வாசகர், வடசேரி

பச்சைக்கிளியைக் கூட்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், கிளிக்கு முன்னர்த் தாங்களே கூண்டேறும் பாக்கியம் வாய்க்கக்கூடும். ராஜபாளையம் நாயோ தங்கள் முற்றத்தையும், பூனையோ தங்கள் சாய்வு நாற்காலியையும் யாசியாமலே சுவாதீனப்படுத்திக்கொள்ளும். பறவை மோகம் தணியாவிடில், கவிமணி பிறந்த தேரூருக்குச் சென்று, குளத்தில் சுதந்திரமாய் வந்திறங்கும் நாரைகளைத் தரிசித்து வாருங்கள். தீனிச் செலவும் இல்லை.

ஒன்று மட்டும் சிந்தியுங்கள்: நாய் 10, 12 வருஷம் ஜீவிக்கும், மகனின் உற்சாகம் 10 நாள் ஜீவிக்குமா? எவருக்கு ஆசை என்பதன்று, பதினோராம் நாள் சோறு வைப்பவர் எவர் என்பதே கேள்வி.