சித்த புடிங்க தம்பி

வெள்ளியங்கிரி மலை அடிவாரத்தில் எல்லாரும் மூங்கில் தடி வாங்கும்போது கூட வரும் கேமரா அண்ணன் மட்டும் வாங்க மாட்டார். "ட்ரைபாட் இருக்குதல்ல, அதையே ஊனிக்கலாம்" என்பார். முதல் மலை முடிவதற்குள் அந்த ட்ரைபாட் உங்கள் தோளுக்கும், உங்கள் தடி அவர் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

எப்போது கை மாறியது என்று தெரியாது. வெள்ளியங்கிரியில் முதல் மலையே செங்குத்து. படி ஏறுகிறவனுக்கு மூச்சு விடுவதே பெரும்பாடு, மறுத்துப் பேச ஏது தெம்பு? அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பார்: "தம்பி, இதைச் சித்த புடிங்க, லேஸ் கட்டிக்கறேன்." கட்டி முடித்ததும் விறுவிறுவென முன்னால் போய்விடுவார்.

முதலில் வருவது லென்ஸ் மூடி. சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறோம், ஒரு கனமுமில்லை. அடுத்தது ஃபில்டர் டப்பா. பாம்பாட்டிச் சுனை தாண்டும்போது 70–200 லென்ஸ் வந்து சேரும். ஒன்றரைக் கிலோ. அரிசி பருப்பென்றாலாவது வழியில் பொங்கித் தின்று பாரத்தைக் குறைக்கலாம். கொடுத்ததோடு விடுவாரா? "குலுக்காம நடங்க தம்பி", "வேர்த்த கையில கண்ணாடியத் தொடாதீங்க" என்று பின்னாலேயே அறிவுரையும் வரும். சுமப்பதும் நாம், திட்டு வாங்குவதும் நாம்.

பேட்டரி விஷயம் தனி. மேலே போகப் போக எலும்பில் இறங்குகிற குளிர். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும், உடம்புச் சூட்டில் வைத்தால் தாங்கும். அதெல்லாம் நிஜம்தான். ஆனால் யார் உடம்பு? "நான் குனிஞ்சு நிமிர்ற ஆளு, உங்க உள்பாக்கெட்டுலயே இருக்கட்டும்."

யாராவது முனகினால் மலைப் புகைப்படக்காரர் விட்டோரியோ செல்லாவை இழுப்பார். "1909-லயே கே2 மலைக்குப் பெரிய கேமராவும் கண்ணாடித் தகடுமாப் போனாருங்க. நீங்க என்னடான்னா இதுக்கே..." செல்லா போனது உண்மை, அந்தப் படங்களின் அழகும் உண்மை. அந்தப் பயணத்தில் சுமை தூக்க நூற்றுக்கணக்கில் ஆள் இருந்ததும் உண்மை. அவர்கள் கூலி வாங்கினார்கள். நமக்கு அண்ணன் கையால் ஒரு சுக்குக் காப்பிகூடக் கிடைத்ததில்லை.

அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் துழாவும்போது, அவருடைய முப்பத்தெட்டு ஜிப்புக்காக வரிசையே காத்து நிற்பதை இங்கே விவரிக்கப்போவதில்லை.

ஏழாவது மலையில் விடிகிற நேரம் மட்டும் ஆள் வேறு. கிழக்கே லேசாகச் சிவந்ததும் பேச்சு நின்றுவிடும். அந்தக் காற்றில் நமக்குப் பல் கிட்டுகிறது, அவர் விரல் ஆடாது. வெறுங்காலோடு ஏறி வந்த பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி, "சாமி, நம்மளையும் ஒண்ணு புடிக்கிறீங்களா?" என்றால், முகம் கோணாமல் எடுப்பார். திருநீறு கண்ணில் விழாமல் துடைத்துவிட்டு, திரும்ப எடுப்பார். திரையைக் காட்டுவார். பெரியவரின் பேரன் நம்பரை வாங்கி, அடிவாரத்துப் பூண்டிக்கு இறங்குவதற்குள் அனுப்பியும் விடுவார். அந்த ஒரு மணி நேரம் அவருக்காக இன்னொரு லென்ஸும் தூக்கலாம் என்றுகூடத் தோன்றும்.

தோன்றக் கூடாது. ஏனென்றால் நம் படம் வராது. கேட்டால் "அது ரா ஃபைலுங்க தம்பி, எடிட் பண்ணித்தான் அனுப்போணும்" என்பார். சிவராத்திரிக்கு ஏறியவனுக்குத் தீபாவளி வரை இதே பதில். பிறகு கார்டு நிறைந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் மச்சான் வீட்டில் இருக்கிறது, லேப்டாப் சர்வீஸுக்குப் போயிருக்கிறது. பேரனுக்கு மட்டும் அரை நாளில் போனது எப்படி?

அண்ணா, எடிட்டெல்லாம் வேண்டாம். முகம் கருத்திருந்தாலும் சரி, தலை பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் சரி, அப்படியே அனுப்புங்கள். ஏறியதற்கு அத்தாட்சி எங்கே என்று வீட்டில் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். உங்கள் லென்ஸ் மூடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. படம் வந்த பிறகு தருகிறேன்.