பாடிப் போறவன் பாடு

விடிகாலை அஞ்சு மணிக்குப் பல்லுகூடத் தேய்க்காம ஒருத்தன் போனை முறைச்சிக்கினு உட்கார்ந்திருந்தான்னா, ஒண்ணு அவனுக்குப் பொண்ணு நிச்சயம் ஆயிருக்கணும், இல்லைன்னா புத்தி பேதலிச்சிருக்கணும். எம் பேரனுக்கு ரெண்டும் இல்லை. அமெரிக்காக்காரன் ஆடுற ஃபுட்பாலைப் பார்க்குறானாம். பேருதான் ஃபுட்பால், பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கினு ஓடுறானுங்க. "இதுல காலுக்கு இன்னாடா வேலை?"ன்னேன். "சண்டையே அதுதான் தாத்தா. குவார்ட்டர்பேக் நின்னு எறியணுமா, தானே ஓடலாமா?"ன்னான்.

குவார்ட்டர்னா எனக்குத் தெரிஞ்சது வேற. அதைப் போட்டவனும் நின்ன இடத்துல நிக்கமாட்டான், ரொம்ப தூரம் ஓடவும் மாட்டான். ஆனா பையன் பொறுமையாச் சொன்னான். டீமுக்கு மூளையே அந்த ஆளுதானாம். பந்து முதல்ல அவன் கைக்கு வரும். அஞ்சு தடியனுங்க முன்னாடி அரண் கட்டி நிப்பானுங்க. அந்த ரெண்டு மூணு செகண்டுக்குள்ள யாருக்கு எறியறதுன்னு அவன் முடிவு பண்ணணும். டாம் பிராடின்னு ஒருத்தன் அந்த அரணுக்குள்ளயே நின்னு எறிஞ்சு, ஏழு சூப்பர் பவுல் ஜெயிச்சு, 45 வயசுலதான் ஓய்ஞ்சானாம். லாமர் ஜாக்சன்னு இன்னொருத்தன், வழி கிடைச்சா தானே தூக்கிக்கினு பறந்துடுவானாம். 2019-ல ஓடியே 1,206 கெஜம் எடுத்தானாம். அந்த வருசமும் 2023-லயும் லீக்கோட சிறந்த ஆட்டக்காரன் விருது அவனுக்குத்தான். ஆனா சூப்பர் பவுல் மைதானத்துல இன்னும் கால் வைக்கல.

"இப்படி ஓடுறவன் நிலைப்பானா தாத்தா?"

கேள்வி லாமரைப் பத்தி இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நம்ம ஊரு முத்தாபுதுப்பேட்டையில ஏரோப்ளேன் சத்தம் கேட்டே எனக்குக் காது மந்தமாச்சு, மூளை மந்தமாகல. நம்ம பய போன வாரம்தான் தெரு கபடி டீமுக்கு கேப்டன் ஆனான். 'கபடி கபடி'ன்னு பாடிப் போறவனும் அவனே. டாஸ் போட, அம்பயர்கிட்ட மல்லுக்கு நிக்க, கோப்பையோட போட்டோவுக்கு நடுவுல உட்கார, எல்லாத்துக்கும் அவனே. அமெரிக்காவைச் சாக்கு வச்சித் தன் ஜாதகத்தைக் கேக்குறான்.

சரி நைனா, ஜாதகம் சொல்றேன், கேளு.

உங்க ஆட்டத்துல ஓடுற குவார்ட்டர்பேக்குக்கு ஒரு சலுகை இருக்குதாமே? துரத்துறவன் நெருங்கிட்டா காலை முன்னாடி நீட்டிச் சறுக்கி உட்கார்ந்துட்டாப் போதும், ஆட்டம் அங்கயே நின்னுடும். அதுக்கப்புறம் அவன் மேல பாய்ஞ்சா தப்பு. நம்ம சடுகுடுவுல அந்த மரியாதை ஏது? நீ உட்கார்ந்தா உன் மேல நாலு பேரு உட்காருவான். கணுக்காலை ஒருத்தன், தொடையை ஒருத்தன், இடுப்பை ஒருத்தன். மூச்சு இருக்கிற வரைக்கும் கோட்டைத் தொட்டா உயிர், இல்லைன்னா செத்தே. ஓடுறவனைக் கண்டா துரத்துறவனுக்கு இளக்காரம்னு சும்மாவா சொன்னாங்க?

அப்படி ஓடியே பேரு வாங்கினவன் பர்தீப் நர்வால். பிடிக்கிறவன் கைக்கு அடியில மீன் மாதிரி முங்கி வெளிய வருவான். அதுக்கு 'டுப்கி'ன்னே பேரு. 2017-ல புரோ கபடி லீக்குல ஒரே சீசன்ல 369 ரைடு பாயிண்டு. பாட்னா பைரேட்ஸ் வரிசையா மூணு கோப்பை தூக்கிச்சு. 2021-ல உ.பி. டீம்காரன் 1.65 கோடிக்கு எடுத்தான். 2025 ஏலத்துல அதே பையனை எடுக்க ஆள் இல்ல. 28 வயசுல ஓய்வு அறிவிச்சான். ஓடுற பாம்பை மிதிக்கிற வயசுடா அது! பாம்பு அங்கயே இருக்குது, மிதிக்கிற காலுதான் தேய்ஞ்சிடுச்சு.

உடனே முகத்தைத் தொங்கப் போடாதே, கதையில பாதிதான் சொல்லியிருக்கேன். 2016-ல பாட்னா ரெண்டாவது கோப்பை வாங்கினப்போ அந்தப் பையன் டீன் ஏஜ் வயசுல ஓடிக்கினு இருந்தான். கேப்டன் யாரு தெரியுமா? நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். வயசு 41. ஊரே 'அண்ணா'ன்னு கூப்பிடும். அவரு ஓடல, கார்னர்ல நின்னு வர்றவன் காலைப் பிடிச்சாரு. சின்னது ஓடுச்சு, பெருசு காத்துச்சு. கோப்பைக்கு நாலு காலும் வேணும்டா.

இன்னும் கிட்டத்துல வா. தமிழ் தலைவாஸ் 2017-ல வந்த டீமு. மொத மூணு சீசனும் அஜய் தாக்கூர் கேப்டன். சாதாரண ஆளா? 2016 உலகக் கோப்பை ஃபைனல்ல ஈரானைப் புரட்டிப் போட்டவன். ஒத்தை ஆளாப் பாடிப் பாடிப் பாயிண்டு கொண்டாந்தான். கொண்டாந்ததைப் பின்னாடியே ஓட்டைப் பானையில ஊத்தினானுங்க. ஒரு தடவைகூட பிளேஆஃப் பார்க்கல. 2022-ல பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கினாங்க, அன்னிக்கு அதுவே லீக்குல பெரிய விலை. கேப்டனும் அவனே. மொத ஆட்டத்துலயே முழங்கால் போச்சு, சீசனே முடிஞ்சிது. நீகூட அன்னிக்கு ராத்திரி சோறு திங்கல, உன் பங்கு மீனையும் நான்தான் தின்னேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நரேந்தர்னு ஒரு புதுப் பையன் பாட ஆரம்பிச்சான், 243 ரைடு பாயிண்டு. சாகரும் சாஹில் குலியாவும் ரெண்டு கார்னரை இறுக்கிப் பிடிச்சானுங்க. பவன் இல்லாத தலைவாஸ்தான் மொத தடவையா பிளேஆஃப் போய், செமிஃபைனல் வரைக்கும் நடந்துச்சு. ரெண்டு கோடி பெஞ்சுல கட்டுப் போட்டுக்கினு உட்கார்ந்திருக்கு, மிச்சம் மீதி ஜெயிச்சிக்கினு இருக்கு!

அதுக்காகப் பவன் தீர்ந்துட்டான்னு நினைக்காதே. அடுத்த வருசம் அதே காலோட ஹாங்சோவுல இந்தியாவுக்குக் கேப்டனா நின்னு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினான். பின்னாடியே தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தான்; அந்த சீசன் டைட்டன்ஸ் பட்டியல்லயே கடைசி. ஆளு அதே ஆளு, காலு அதே காலு. கூட நின்னவன்தான் வேற.

நீ சொன்னியே, ஜேலன் ஹர்ட்ஸ்னு ஒருத்தன் 2025-ல சூப்பர் பவுலு ஜெயிச்சான்னு? அவனும் ஓடுறவன்தானே. எனக்கு அவனைத் தெரியாது. ஆனா அவன் முன்னாடி நின்ன அஞ்சு தடியனுங்களை நீ வாயாரப் புகழ்ந்தே பாரு, அதுவே எனக்குப் போதும். ராபர்ட் கிரிஃபின்னு இன்னொருத்தன் கதையும் நீதான் சொன்னே. மொத வருசமே கொடி நாட்டினான், வலிச்ச முட்டியோட ஆட இறங்கி 2013 ஜனவரியில அதைக் கிழிச்சிக்கினான், அப்புறம் பழைய ஆளா எழவே இல்ல. வலிக்குதுன்னு சொல்லி வெளிய வர்றதும் ஆட்டத்துல ஒரு பாகம்டா.

ஓடுறவனா இருந்து ரொம்ப நாள் நின்னவன் ஒருத்தன் வேணும்னா அனூப் குமாரைப் பாரு. அந்த 2016 உலகக் கோப்பைக்கு அவன்தான் கேப்டன். அவனும் பாடிப் போறவன்தான், ஆனா வேர்க்கவே வேர்க்காது. எதிர்ல ஆறு பேரோ அதுக்கு மேலயோ நின்னா போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வச்சு, இன்னொன்னைத் தூக்கி, சந்தையில கத்திரிக்கா விலை கேட்டுட்டு வர்றவன் மாதிரி திரும்பி வந்துடுவான். ஒத்தைப் பாயிண்டுதான். 35 வயசு வரைக்கும் ஆடினான். நீ என்னடான்னா ஒவ்வொரு தடவையும் மூணு பேரைத் தொட்டுட்டு வரணும்னு உள்ள போறே. மூணு பேரும் உன்னைத் தொட்டு அனுப்புறானுங்க.

பக்கத்துல ஆவடியில டாங்கி ஃபேக்டரி இருக்குதே, அங்க செய்யுற அர்ஜுன் டாங்கியைப் பாரு. ஓடவும் செய்யும், சுடவும் செய்யும். உள்ள எத்தனை பேரு? நாலு. ஓட்டுறவன், சுடுறவன், குண்டு போடுறவன், எங்க போகணும்னு சொல்ற கமாண்டர். இரும்புக்கே நாலு பேரு தேவைப்படுது, உன் எலும்புக்கு நீ ஒருத்தன் போதுமா?

அதனால ஓடுறவன் நிலைப்பானான்னு கேட்டா, நிலைப்பான். திரும்பி வரத் தெரிஞ்சவனா இருக்கணும், திரும்பி வர்றதுக்கு ஒரு கோட்டையும் இருக்கணும். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல ரெண்டு காரியம் பண்ணு. கேப்டன் பதவியைக் கார்னர்ல நிக்கிறானே அந்தக் குண்டுப் பையன்கிட்டக் குடு. முழு ஆட்டத்தையும் நின்னு பார்க்குறவன் அவன் ஒருத்தன்தான். மொத ரைடுல போனஸை மட்டும் எடுத்துக்கினு வா.

கேக்கமாட்டே, தெரியும். எங்க தாத்தா சொல்லி நானும் கேக்கல. இந்த இடது முட்டிக்கு மூணு தடவை புத்தூர் கட்டு கட்டியிருக்கேன். முட்டையும் பச்சிலையும் நாறும். ஆனா போற வழியெல்லாம் எனக்கு மனப்பாடம். நீ மாட்டிக்கினா நானே கூட்டிக்கினு போறேன். வண்டிச் செலவு மட்டும் கேப்டன் குடுக்கணும்.