பேரேட்டுச் சாட்சி

கடன் வாங்கிவிட்டுக் கோர்ட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி நம்மவர்களுக்கு எக்காலத்திலும் உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை. வாங்காத கடனுக்காகப் போகிறவர்களின் நிலைமையோ அதைவிடப் பரிதாபகரமானது, ஏனெனில் அவர்களை ஒருவரும் நம்புவதில்லை. ரத்துச் செய்யும்படி நான் எழுதிக் கொடுத்த கிரெடிட் கார்டுக்கு வங்கி தானாகவே விதித்துக்கொண்ட வருஷாந்தரக் கட்டணமும், அதைக் கட்டாததற்கு அபராதமும், அபராதத்துக்கு வட்டியும், இவை அனைத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து அரை லட்சத்தைத் தாண்டி வளர்ந்த சரித்திரத்தை அடுத்த வீட்டுக்காரரிடம் ஆதியோடந்தமாக விவரித்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், வாங்கினது எவ்வளவு?" என்றார்.

கடனாளியைக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 இல் கட்டளையிட்டிருப்பதால், இடைப்பட்ட நேரத்தில் ஒரு நிமிஷத்தையும் வசூல் ஏஜெண்ட் வீணாக்கவில்லை. ஆனாலும் மரியாதையான பிள்ளை. "சார், ஒரு ஐந்நூறாவது போட்டு வையுங்க, மேலே நாங்க பேசிக்கறோம்" என்பான். இந்தத் தயாள வார்த்தையின் உட்பொருளை வக்கீல் நண்பர்தான் விளக்கினார்: 1963 ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அது முடிவதற்குள் கடனாளி கொஞ்சம் பணம் கட்டி, கட்டியதற்கு அவன் கைப்பட அத்தாட்சியும் இருந்துவிட்டால், அன்றிலிருந்து மறுபடியும் 3 வருஷம் ஆரம்பமாகும். வங்கி தன் பேரேட்டில் மாதந்தோறும் தானே எழுதிக்கொள்ளும் அபராதத்துக்கு அந்தச் சக்தி கிடையாது; என் ஐந்நூறு ரூபாய்க்கு உண்டு. அந்தப் பிள்ளைக்கு நான் முன்னமே மறுத்திருந்தது சட்ட ஞானத்தினால் அல்ல, லோபத்தினால்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சம்மன் வந்ததும் நண்பர் எதிர்வழக்குரை எழுத உட்கார்ந்தார். பொதுப்படையாக "எல்லாம் பொய்" என்று எழுதினால் போதாது. பிராதில் கண்ட ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியே மறுக்க வேண்டும், மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே கருதலாம் என்பது 1908 ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. வாதி ஒரு வங்கி என்பதை வாதியே நிரூபிக்கட்டும் என்று முதல் பாராவுக்கு எழுதினார். நான் இன்னாருடைய குமாரன் என்று இரண்டாம் பாராவில் இருந்தது. அதையும் மறுத்துவிடும் உத்வேகத்தில் அவர் பேனா போன வேகத்தைக் கண்டு நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வட்டியின் கொடுமையைச் சொல்லி நீதிபதியின் இருதயத்தை உருக்கலாமென்று எனக்கு ஓர் ஆசை. வங்கி வாங்கும் வட்டி அதிகமென்ற காரணத்துக்காகக் கோர்ட்டு கணக்கைத் திறக்கக் கூடாதென்று 1984 இலேயே வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்களாம். அழுவதற்கு இடமில்லை, நிரூபிக்கச் சொல்வதற்குத்தான் இடமுண்டு. கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டுமே ஒருவன் தலையில் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்று 1872 ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 34 ஆவது பிரிவு சொல்லிற்று; அதையே 1966 இல் கௌஹாத்தி வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. பைசா சுத்தமாகக் கணக்கு வைக்கும் ஸ்தாபனத்தை நோக்கி, "கணக்கு இருக்கட்டும், ஆதாரம் எங்கே?" என்று கேட்கும் தைரியத்தை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே நமக்கு வழங்கியிருப்பது, என்னைக் கேட்டால், கடனே இல்லாதவர்களும் அறிந்து மகிழ வேண்டிய விஷயம்.

சாட்சிக் கூண்டில் ஏறிய வங்கி அதிகாரி, நான் விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட காலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். ஆயினும் சகலமும் தமக்கு நேரடியாகத் தெரியும் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்திருந்தார். விண்ணப்பத்தின் பின்புறத்தில் வருஷாந்தரக் கட்டணத்தைப் பற்றிய ஷரத்து எது, அதை உரக்கப் படியுங்கள் என்றார் நண்பர். முக்கிய நிபந்தனைகளை 12 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் அச்சிட வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. நகலின் நகலாக வந்திருந்த அந்தக் காகிதத்திலோ எழுத்துக்கும் தூசிக்கும் பேதம் தெரியவில்லை. அதிகாரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீதிபதி வாங்கித் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார். தெளிவான பிரதியைத் தாக்கல் செய்ய வாய்தா கொடுக்கப்பட்டது.

அந்த வாய்தாவில் டவாலி வாசலில் நின்று வங்கியின் முழுப் பெயரையும், "லிமிடெட்" உட்பட, மூன்று முறை கூவினார். தேசமெங்கும் கிளை பரப்பிய அந்த ஸ்தாபனத்துக்காக "ஏன்" என்று கேட்கத் தாழ்வாரத்தில் ஒரு ஜீவனும் இல்லை. வாதி ஆஜராகாததால் வழக்குத் தள்ளுபடியாயிற்று. வழக்கை மறுபடியும் கோப்பில் ஏற்க மனுப்போட வங்கிக்கு இன்னும் 30 நாள் அவகாசம் உண்டு என்று படியிறங்கும்போது நண்பர் சொன்னார். அதைச் சொன்ன குரலில் சிநேகிதருக்குரிய கவலையைவிடத் தொழிலுக்குரிய நம்பிக்கையே மேலோங்கி ஒலித்தது.