ஆரைக் கேட்டனீ, தம்பி?

வா தம்பி, இரு. உந்தக் கதிரை வேண்டாம், அதின்ரை கால் ஆடும். இஞ்சாலை இரு. முகம் பூரிச்சுப் போய்க் கிடக்கு. கொழும்புத் தமிழற்றை மாதச் செலவைப் பற்றி நானூறு பேரிட்டைக் கேட்டு முடிச்சிட்டியாம் எண்டு மகள் சொன்னவள். கம்பஸ் பிள்ளை எண்டால் பின்னை என்ன! எங்களைப் பற்றி எழுதினவையிலை கனபேர் எங்களிட்டை ஒரு சொல்லும் கேக்காமல்தான் எழுதினவை. நீ கேட்டாவது எழுதுறாய்.

ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. ஆர் உந்த நானூறு?

வட்சப்பிலை படிவம் அனுப்பிப் பாதிக்கு மேலை. சரி. மிச்சம் காலி வீதியிலை ஏசி போட்ட பெரிய கடை வாசலிலை, சனிக்கிழமை பின்னேரம் நிண்டு பிடிச்சது. அதுவும் சரி. அப்ப கொழும்புத் தமிழர் எண்டால் உன்ரை பள்ளிக்கூடத்துப் பழைய மாணவரும், சனிக்கிழமை சீஸ் வேண்ட வாறவையும். நீ கேள்வி கேட்டுக்கொண்டு நிண்ட மனிசியின்ரை சாமானை ஓட்டோவிலை ஏத்தி விட்டிட்டு ஒரு பெடியன் உன்னைத் தாண்டித்தானே உள்ளுக்கை போனவன்? அவனும் தமிழன்தான், ஹட்டன் பக்கம். கொழும்பிலைதான் உழைக்கிறான், கொழும்பிலைதான் செலவழிக்கிறான். அவனைக் கேட்டனியோ? கேட்டிருக்க மாட்டாய். அவனுக்கு அப்ப வேலை நேரம், உனக்கு அவன் கண்ணிலை படவும் இல்லை.

கொட்டாஞ்சேனைக்கும் போகேல்லை. இஞ்சை வெள்ளவத்தையிலை இருந்து 155 பஸ் ஓடுது தம்பி, இன்னும் நிப்பாட்டேல்லை.

என்ன சொன்னனீ? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமோ? நல்ல பழமொழிதான். ஆனால் அது ஒரே அரிசி போட்டு, ஒரே நெருப்பிலை, அடிமட்டும் துழாவின பானைக்குச் சொன்னது. கொழும்பை ஆர் துழாவினது? இஞ்சை ஒரு ஒழுங்கைக்குள்ளை மாடி மாடியா இருக்கிற குடும்பங்களிலை எத்தினைக்குக் கனடாக் காசு வருதெண்டு எனக்குத் தெரியும். ஆமர் வீதிப் பக்கம் ஒரே அறைக்குள்ளை தாயும் தேப்பனும் மூண்டு பிள்ளையளும். ஜிந்துப்பிட்டியிலை இன்னொரு கணக்கு. நீ அகப்பையை ஒரே மூலையிலை விட்டு நானூறு தரம் அள்ளிப்போட்டு, பானை முழுக்க ருசி பாத்தன் எண்டு நிக்கிறாய். நாலாயிரம் தரம் அள்ளினாலும் அதே மூலைதான்.

நானூறு எண்டு துள்ளுறாய். 455 குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேலை இந்த நாட்டையே ஆட்டி வைச்ச கதை தெரியுமோ? 1949-50 இலை கொழும்பு மாநகரத்துக்குள்ளை 455 தொழிலாளர் குடும்பங்களிட்டைச் செலவுக் கணக்கு எடுத்தவை. அதை வைச்சு, 1952 ஐ 100 எண்டு போட்டுச் செய்ததுதான் பழைய கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். நூறு ரூபா செலவழிச்சால் 61.9 ரூபா சாப்பாட்டுக்கு எண்டு அதிலை கணக்கு. அந்தக் காலத்துக் கொழும்புத் தொழிலாளிக்கு அது பொருந்தியிருக்கும், நான் குறை சொல்லேல்லை. ஆனால் உந்தக் கூடையைத்தானே 2007 மட்டும் காவித் திரிஞ்சவை! பதுளையிலை இருக்கிற கிளாக்கருக்கும் பருத்தித்துறை வாத்தியாருக்கும் விலைவாசி ஏறிச்சோ இல்லையோ எண்டு கேட்டால், 1950 இலை கொழும்பிலை ஒரு தொழிலாளி வீட்டிலை என்ன சமைச்சவை எண்டு பாத்துத்தான் பதில். வீட்டு வாடகை எண்டு உள்ளுக்கை ஒரு வரி கிடந்தது. அது வருசக்கணக்கா அசையாமல் அதே இடத்திலை நிண்டது. வெள்ளவத்தையிலை அட்வான்ஸ் எவ்வளவு எண்டு கேட்டு வாயைப் பிளந்தவங்களுக்கு அந்த வரியைக் காட்டியிருக்க வேணும்.

பேந்து மாத்தினவை. 2013 ஐ அடியாக வைச்ச கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்து நகரக் குடும்பங்களுக்கானது. அதிலை சாப்பாட்டின்ரை பங்கு 28.24 வீதம்தான். நாடு முழுக்க எண்டு அதே 2013 அடியிலை தேசியச் சுட்டெண் ஒண்டும் போட்டவை, அதிலை சாப்பாடு 44 வீதம். விளங்குதோ? ஒரே நாடு, ஒரே அரிசி, ஆனால் ஆற்றை குசினியை எட்டிப் பாக்கிறாய் எண்டதிலை 16 வீதம் ஓடித் திரியுது. 2022 செப்டெம்பரிலை பணவீக்கம் கொழும்புக் கணக்கிலை 69.8 வீதம், தேசியக் கணக்கிலை 73.7. ரெண்டும் பொய்யில்லை. கொழும்புச் சுட்டெண்ணுக்கு விலை எடுக்கிறது வெள்ளவத்தைச் சந்தையிலை மட்டும் இல்லை, வேறை பக்கத்துச் சந்தையளிலையும்தான். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்துக்காரர் உன்னை விட ஒரு பஸ் கூட ஏறியிருக்கினம்.

திணைக்களத்தை மெத்தப் புகழுறன் எண்டு நினைக்காதை. என்னை 1981 இலை எண்ணினவை. பிறகு 2001 இலை தொகைமதிப்பு எண்டு வந்தது, 25 மாவட்டத்திலை 18 இலைதான் முழுசா முடிஞ்சது. மிச்சம் ஏழும் வடக்குக் கிழக்கு, எங்கடை பக்கம். 2012 இலைதான் திரும்பவும் நாடு முழுக்க எண்ணினவை. நடுவிலை முப்பத்தொரு வருசம் நான் மதிப்பீட்டிலைதான் உயிரோடை இருந்தனான். 2006-07 இலை நடந்த குடிசன சுகாதார ஆய்வும் வடமாகாணம் இல்லாமல்தான் நடந்தது. இலங்கைத் தாய்மார் இப்பிடி, இலங்கைக் குழந்தையள் அப்பிடி எண்டு அந்த அட்டவணையளைப் பாத்தால் அடியிலை சின்ன எழுத்திலை ஒரு வரி இருக்கும். எங்கடை ஊர் அந்த அடிக்குறிப்பிலைதான் குடியிருந்தது. எண்டாலும் ஒண்டு, அவை அதை ஒளிக்கேல்லை, எழுதி வைச்சவை. உன்ரை அறிக்கையிலை எங்கையடா அடிக்குறிப்பு?

சரி, ஆரைக் கேட்டாய் எண்டதை விடு. என்னத்தைக் கேட்டாய்? காட்டு பாப்பம்.

முதல் கேள்வி: வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள்? தம்பி, உனக்கு வயது காணாது. கையிலை கடதாசியோடை ஒருத்தர் வந்து கதவைத் தட்டி, வீட்டிலை எத்தினை பேர், எந்த ஊர், எப்ப வந்தனியள் எண்டு கேட்ட காலம் ஒண்டு இந்த வெள்ளவத்தையிலை இருந்தது. அவர் கம்பஸிலை இருந்து வரேல்லை. 2007 ஜூன் 7 விடியப்புறம் இஞ்சையும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளிலை இருந்த எங்கடை சனத்தை எழுப்பி பஸ்ஸிலை ஏத்தி அனுப்பினவை. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்துப் போட்டுது. அதுகளை எல்லாம் பாத்த மனிசி கதவுச் சங்கிலியைக் கழட்டாமல் 'நாலு பேர்' எண்டு சொன்னால், நீ உடனை 'நாலு' எண்டு எழுதுறாய். எனக்கெண்டால் அது எண்ணிக்கை இல்லை, பயம்.

மூண்டாவது கேள்வி இன்னும் வடிவு. 'விலைவாசி உயர்வால் உங்கள் குடும்பம் எந்தளவு பாதிக்கப்பட்டுள்ளது? மிகவும் / ஓரளவு.' பாதிக்கப்படேல்லை எண்டு சொல்ல வந்தவன் எங்கை போறது? மறுமொழியை நீயே எழுதிப்போட்டு, கையெழுத்து வேண்டத்தானே சனத்தைப் பிடிச்சனீ.

எப்ப கேட்டனீ? தீபாவளிக்கு முதல் கிழமை! அந்தக் கிழமை எங்கடை சனம் கடனெடுத்தாவது உடுப்பு வேண்டும். அதைப் பன்னிரண்டாலை பெருக்கினாய் எண்டால் வெள்ளவத்தையார் வருசம் முழுக்கப் பட்டுவேட்டியோடைதான் திரியிறம். வருமானச் செலவு ஆய்வை ஏன் திணைக்களம் ஒரு முழு வருசத்துக்கு, மாசம் மாசமாப் பிரிச்சுச் செய்யுது எண்டு நினைக்கிறாய்? 2019 இலை 25,000 வீட்டை அப்பிடித்தான் எடுத்தவை. நத்தார் மாசத்திலை மட்டும் போய்க் கேட்டால் கொட்டாஞ்சேனைக் கணக்கு என்னமாதிரி வரும்!

மற்றது, ஆர் பக்கத்திலை இருக்கேக்கை கேட்டனீ? முந்தி ஒருக்கா ஒரு பிள்ளை இஞ்சை வந்து, ஒரு நாளைக்கு எத்தினை கரண்டி சீனி எண்டு கேட்டது. மகள் பக்கத்துக் கதிரையிலை. 'நான் சீனி தொடுறேல்லைப் பிள்ளை' எண்டன். மகள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போக, அந்தப் பிள்ளையும் பேனையை மூடிப்போட்டுது. கொஞ்சம் பொறுத்திருந்தால் உண்மை தானாக வெளியிலை வந்திருக்கும். வந்த தேத்தண்ணிக்குச் சீனி காணாமல் நான்தான் எழும்பிப் போனனான்.

இப்ப என்ன செய்யிறது எண்டு முழிக்கிறாய். கிராம சேவையாளரைப் பிடி. வாக்காளர் இடாப்பைப் பார். இஞ்சை ரெண்டு பிரிவு, கொட்டாஞ்சேனையிலை ரெண்டு பிரிவு எடு. வீட்டிலக்கத்தைத் துண்டிலை எழுதிக் குலுக்கிப் போட்டு எடு. உனக்குப் பிடிச்ச வீட்டை நீ எடுக்காதை, லிஃப்ட் இருக்கிற மாடியை மட்டும் எடுக்காதை. எடுத்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதை. பகலிலை வீட்டிலை இருக்கிறவை என்னை மாதிரிக் கிழடுகள். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டின்ரை செலவு வேறை. பின்னேரம் போ, ஞாயிற்றுக்கிழமை போ, திரும்பவும் போ. இடாப்பையும் முழுக்க நம்பாதை. அறையிலை ஆறு பேராய்க் கிடக்கிற கடைப் பெடியள் இடாப்பிலை ஊரிலைதான் இருப்பாங்கள். அவங்களைத் தேட வேறை வழி பார். இரவு பத்து மணிக்குக் கொத்துக் கடையடியிலை நிண்டால் காணலாம், ஆனால் அதுவும் ஒரு மூலைதான் எண்டதை எழுதி வை.

நூறு வீடுதான் தேறுமோ? தேறட்டும். வாத்தியார் நானூறு கேட்டவரோ? அவரையும் 155 இலை ஏத்து.

அதுசரி, வட்சப்பிலை வந்த அந்த இருநூத்திச் சொச்சம் படிவத்தையும் எறியப் போறியோ? எறி, எறி. ஏனெண்டால் பேத்தியின்ரை போனிலை உன்ரை படிவம் வந்தது. அவள் குளிக்கப் போனவள், எனக்கும் பொழுது போகேல்லை. வயது 23, தொழில் மாணவி, மாதச் செலவிலை கூட அழகுசாதனத்துக்கு எண்டு ஒண்டு கிடக்கும் பார். அது நான்தான்.