விசாரிப்புத் திலகம்

பொருள் வாங்குவது வேறு, விசாரிப்பது வேறு. வாங்குவதற்குக் காசு இருந்தால் போதும். விசாரிப்பதற்கு ஓய்வு, ஞாபகசக்தி, கூச்சமின்மை மூன்றும் வேண்டும். மூன்றும் வாய்த்தவர் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் தெருக்காரருக்கு நான் வைத்திருக்கும் பெயர் விசாரிப்புத் திலகம்.

கையில் ஆறாயிரம் ரூபாய். பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றி, ரேடியோப் பெட்டி வடிவத்தில் வரும் சரிகமா கார்வானை வாங்குவதா, புத்தகம் படிக்கக் கிண்டில் வாங்குவதா? 2017-இல் கார்வான் கடைக்கு வந்ததும் எழுந்த கேள்வி இது. அன்றைக்கு இரண்டுமே ஆறாயிரத்துக்குள் அடங்கின. சங்கடமே அதுதான். ஒன்று எட்டாத விலையில் இருந்திருந்தால் மனிதர் அப்போதே பிழைத்திருப்பார்.

வங்கியில் கொடுத்த டைரியில் இதற்கென்று ஒரு பக்கம். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு. இடப்பக்கம் ‘பாட்டு’, வலப்பக்கம் ‘படிப்பு’. எனக்குக் காட்டினார். மொத்தம் 5,000 பாட்டு. பாட்டுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. நாலு நிமிடம் வீதம் 20,000 நிமிடம், அதாவது 333 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் பதினோரு மாதத்தில் தீர்ந்துவிடும். அதன் கீழே பென்சிலில் அடிக்கோடிட்டு, ‘பன்னிரண்டாவது மாதம்?’

படிப்புப் பக்கம் இன்னும் கவலைக்கிடம். ஆயிரம் புத்தகத்துக்கு மேல் பிடிக்கும் என்கிறார்கள். மாதம் இரண்டு படித்தால் ஆயிரத்தை முடிக்க நாற்பத்தோரு வருடம் தாண்டும். திலகத்துக்கு அப்போது வயது 58. “99 வயசு வரைக்கும் பேட்டரி தாங்குமா சார்?” என்று கேட்டார். கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அவரைத் தெரியாத கடைப்பையன் கிடையாது.

“தம்பி, இதுல வேற பாட்டு போட முடியுமா?”

“பென் டிரைவ் சொருகலாம் சார்.”

“பென் டிரைவ் கூடவே வருமா?”

“தனியா வாங்கணும் சார்.”

“அப்ப இது முழுசா ரெடியான ஐட்டம் இல்லைன்னு சொல்லு.”

பெண் பார்க்கப் போன இடத்தில் சொஜ்ஜி, பஜ்ஜியை முடித்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்று எழுந்துவரும் மாப்பிள்ளை வீட்டாரைப் போல, ‘வீட்ல கலந்துட்டு வர்றேன்’ என்று படியிறங்குவார்.

கிண்டில் விசாரணை என்னிடம் நடந்தது. தமிழ்ப் புத்தகம் வருமா? 2016 டிசம்பரிலிருந்து வருகிறது என்றேன். மதுரைத் திட்டத்தார் 1998 முதல் சங்க இலக்கியம் உட்பட எத்தனையோ நூல்களைக் கணினியில் ஏற்றி இலவசமாகவே கொடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். இலவசம் என்றதும் மலர்ந்த முகம், சங்க இலக்கியம் என்றதும் பழையபடி ஆகிவிட்டது. பக்கம் திரையில் அப்படியே நிற்பதற்குக் கரண்ட் வேண்டாம், திருப்பும்போதுதான் செலவு என்று விளக்கினேன். “அப்ப மெதுவா படிச்சா மிச்சம்தானே?” என்றார். வாங்கின புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் தர முடியாது என்பதைக் குறைகளின் பட்டியலில் எழுதிக்கொண்டார். என் அலமாரியின் காலியிடங்களைப் பார்த்தவர்கள் அதைத்தான் அந்தக் கருவியின் தலையாய குணம் என்பார்கள்.

2019-இல் கிண்டிலுக்குள் விளக்கு வைத்துப் புது மாடலை 7,999 ரூபாய்க்கு விட்டார்கள். திலகம் கொதித்துப்போனார். “விளக்கு யார் கேட்டா? வீட்ல டியூப்லைட் எரியுது!” பழைய மாடலைத் தேடினால் ஸ்டாக் இல்லை. வேறொருவர் என்றால் அன்றே கார்வானைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். இவர் பட்ஜெட்டை எட்டாயிரமாக உயர்த்தினார். எட்டாயிரத்துக்குள் புதிதாக நாலு பொருள் வந்து சேர்ந்தன. டைரியில் கோடுகள் கூடின. அக்கா மகன் துபாயிலிருந்து ஐபாட் வாங்கிவருவதாகச் சொல்லியிருந்தான். வேண்டும், வேண்டாம் என்று மாமா பதில் சொல்வதற்குள், 2022 மே மாதம் ஆப்பிள் கம்பெனி ஐபாடையே நிறுத்திவிட்டது.

இது இன்று நேற்று வந்த குணமில்லை. கேசட் காலத்தில், பாட்டுப் பதிந்துதரும் கடையில் கொடுப்பதற்காக ‘ஏ’ சைடுக்கு எது, ‘பி’ சைடுக்கு எது என்று மாதக்கணக்கில் பட்டியல் போட்டவர். அந்த டிடிகே கேசட் கடைசிவரை உறை பிரிக்கப்படவில்லை.

வீட்டம்மா வேறு ரகம். “ஏங்க, பாட்டு ரேடியோல வருது, புக்கு லைப்ரரியில இருக்கு. அந்தப் பணத்தைக் குடுங்க” என்று கவரை வாங்கிப் போய், அரைமணி நேரத்தில் புது மிக்ஸியோடு திரும்பினார். பணம் போனதைத் திலகம் பொறுத்துக்கொண்டார். ரெண்டாவது கடை ஏறாமல் வாங்கியதை இன்னும் மன்னிக்கவில்லை.

செல்போனிலேயே இரண்டும் உண்டே என்பீர்கள். பாட்டுக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று மகன் ஆப் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். திறக்க நேரம் ஏது? ராத்திரி பதினொரு மணி வரை, ‘எது பெஸ்ட்?’ வீடியோக்கள் ஓடுகின்றன. கவரில் மறுபடி எட்டாயிரம் சேர்ந்துவிட்டது. கிண்டில் அதையும் தாண்டிப் போய்விட்டது.

அவர் உங்களிடம் வந்தால் கார்வான் என்றோ கிண்டில் என்றோ, வாயில் வந்ததைச் சொல்லி அனுப்புங்கள். மூன்றாவதாக ஒரு பொருளின் பெயரை மட்டும், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.