சிறுவர் சிரிப்புப் பாட்டியல்: ஒரு சிற்றுரை

பிரபந்தங்களை 96 என்று எண்ணி வைத்த பாட்டியலார், சிறுவரைச் சிரிக்க வைக்கும் பாட்டை அவற்றுள் ஒன்றாகவும் சேர்த்தாரில்லை. பிள்ளைத்தமிழ் இருக்கிறதே என்பாரும் உளர். அது பிள்ளையைச் சாட்டாக வைத்துப் பெரியவர் பெரியவருக்குப் பாடுவது. கேட்டிருந்த பிள்ளை எதுவும் சிரித்ததற்குச் சான்றில்லை. அக்குறை தீர, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்து இவ்விலக்கணம் வகுக்கப்படுகிறது.

சிரிப்புப் பாட்டு மூவகைப்படும்: கடையறப் பாட்டு, ஆட்டப் பாட்டு, பொருளில் பாட்டு.

கடையறப் பாட்டாவது, முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் அறத்தை நீட்டுவது. இதற்கு இலக்கியம் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ‘பவளக்கொடி’. யாழ்ப்பாணத்துப் பாட்டு மட்டக்களப்புக்கு எப்படிப் பொருந்தும் எனின், பாடப்புத்தகம் ஆனையிறவைத் தாண்டி வரும் என்க. பால் விற்கப் போகிறவள், வரப்போகும் காசில் கனவு வளர்த்து, தலையை ஆட்டிக் குடத்தைப் போட்டுடைக்கிறாள். மனக்கோட்டை கட்டாதே என்பது அறம். 1678இல் பிரெஞ்சுக் கவி லா ஃபொந்தேனும் இதே பால்காரியைப் பாடினார். பஞ்சதந்திரத்தில் உடைவது மாப்பானை. இத்தனை மொழிகளில் இத்தனை பானை உடைந்தும் மனக்கோட்டைத் தொழில் நலிந்தபாடில்லை. பிள்ளைகள் பாட்டில் கற்பது வேறு: காசு கைக்கு வருமுன்னே அதைச் செலவழிக்கும் சுகம். நடித்துக் காட்டச் சொன்னால் எல்லாருக்கும் குடத்தைப் போடத்தான் ஆசை.

பாட்டில் அறத்தை நீட்டும் இந்நோய் ஆங்கிலத்துக்கும் உண்டு. 1715இல் ஐசக் வாட்ஸ் என்ற பாதிரியார் தேனீயைப் போல உழைக்கும்படி சிறுவருக்குப் பாடி வைத்தார். 1865இல் லூயிஸ் கரோல் அதைக் கேலி செய்து, தேனீ இருந்த இடத்தில் முதலையை வைத்தார். இன்று முதலையைத் தெரிந்தவர் பலர். தேனீயைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் வாவியிலும் முதலை உண்டு என்பதை இங்கே சொல்லிவைத்தல் தகும்.

அறமே சொல்லாத கிளை வகையும் ஒன்றுண்டு. அதே புலவரின் ‘ஆடிப்பிறப்பு’ கூழும் கொழுக்கட்டையும் செய்யும் விதத்தைக் கற்பிக்கிறது. எனக்குத் தெரிய, உருப்படியாகப் பயன்பட்ட போதனை இதுதான்.

ஆட்டப் பாட்டாவது வசந்தன். கையில் கோலோடு பையன்கள் சோடி சேர்ந்து வட்டமாய் ஆடிப் பாடுவது. சதாசிவ ஐயர் தொகுத்து 1940இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என அச்சேற்றியதால் படிப்பாளிகளின் மதிப்பையும் பெற்றது. வேளாண்மை வெட்டுக்கென்றே தனி வசந்தன் உண்டு. அதன் சொற்களில் என்ன பாடம் என்று ஆராய்வோர் ஆராய்க. ஆடுகிறவனுக்குப் பாடம் கோலில் இருக்கிறது. தாளம் தப்பினால் எதிரில் நிற்பவன் கோல் விரல் மொழியில் விழும். ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் அறிவுரை சொல்ல வேண்டியதேயில்லை. தாளம் தப்பாதவன் தப்பியவனைப் பார்த்துச் சிரிப்பான். இவ்வகையில் சிரிப்பின் இருப்பிடமும் அதுவே.

பொருளில் பாட்டாவது, ஓசை மட்டும் உடையது. சடுகுடுவில் மூச்சு விடாமல் பாடுவதும் இதில் அடங்கும்; அது கற்பிப்பது நுரையீரலுக்கு. கல்லடிப் பாலத்தடியில் முழுநிலவில் கேட்கும் மீன் பாட்டை இவ்வகைக்குத் தலைமை இலக்கியமாகக் கொள்ளலாம். விபுலானந்த அடிகளோ அதை நீரரமகளிர் இசையாக்கி யாழ் நூலில் ஏற்றிவிட்டார். துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டவர்கள், மீன் என்ன அறம் சொல்லிற்று என்று இதுவரை கேட்டதில்லை. பிள்ளைகளின் பாட்டுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லையோ!

புறனடை: மூவகைப் பாட்டும் வினாத்தாளில் ஏறும்போது ஒரே வகையாகிவிடும். ‘இப்பாடல் கற்பிக்கும் பாடம் யாது?’ என்ற வினாவுக்குச் ‘சிரிப்பு வந்தது’ என்று எழுதினால் புள்ளி இல்லை. ‘பெரியோரை மதிக்க வேண்டும்’ என்று எழுதினால், பாட்டில் பெரியோர் எவரும் இல்லாவிடினும், பாதிப் புள்ளியாவது கிடைக்கும்.